தெரியும் என்கிறார்கள், அப்புறம்?

தொடர்பியலில் முனைவர் பட்ட ஆய்வு தொடங்கவிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வளரும் நாடுகளில் வளரிளம் பருவத்தினரின் இனப்பெருக்க நலம் பற்றி இத்தனை ஆண்டுகளாகப் பிரசாரம் நடக்கிறது. அந்தப் பிரசாரத்தைப் பற்றி ஆய்வும் நடக்கிறது. கடைசியில் என்னதான் தெரியவந்திருக்கிறது? பலன் இருக்கிறதா, இல்லையா? நான் எங்கிருந்து தொடங்குவது?"

வாயால் கேட்டு அளந்தால் ஏறக்குறைய எல்லாப் பிரசாரமும் பலன் தருகிறது. ரத்தம் எடுத்தும் பிரசவங்களை எண்ணியும் அளந்தால் சில மட்டுமே தேறுகின்றன. இந்தத் துறையின் கட்டுரைகளை வருடக்கணக்கில் படித்த பிறகு என் கையில் மிஞ்சியது இந்த வித்தியாசம்தான். தேறிய அந்தச் சில ஏன் தேறின என்ற கேள்விக்குள்தான் உங்கள் ஆய்வுக்கான இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னணி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயதுவரை வளரிளம் பருவம். 1994இல் கெய்ரோவில் 179 நாடுகள் கூடிய மக்கள்தொகை மாநாட்டில்தான் இந்த வயதினரின் இனப்பெருக்க நலம் தனி விஷயமாகப் பேசப்பட்டு, அரசுகளின் கடமையாகச் செயல்திட்டத்தில் ஏறியது. அதற்கு முன்பு பெரும்பாலும் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம்தான். சுவரொட்டியில் எப்போதும் ஒரு கணவன், ஒரு மனைவி, அளவான குழந்தைகள். திருமணமாகாத பதினாறு வயதுப் பெண் அந்தப் படத்தில் எங்கும் இருக்கமாட்டாள். கணக்கெடுப்புகளிலும் அவள் இல்லை. இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வில் முதல் இரண்டு சுற்றுகள் (1992–93, 1998–99) திருமணமான பெண்களை மட்டுமே பேட்டி கண்டன. 2005–06இல் நடந்த மூன்றாவது சுற்றில்தான் திருமணமாகாத பெண்களையும் சேர்த்தார்கள். அப்போதும் கணக்கு 15 வயதில்தான் ஆரம்பம். பத்து முதல் பதினான்கு வயதுக்காரர்கள் பல நாடுகளின் கணக்கெடுப்பில் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள்.

பிரச்சினையின் அளவையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 15–19 வயதுப் பெண்களிடையே ஆண்டுக்குச் சுமார் 2.1 கோடி கர்ப்பங்கள் என்பது 2019க்கான மதிப்பீடு. அவற்றில் ஏறக்குறைய பாதி, திட்டமிடாதவை. சுமார் 1.2 கோடி பிரசவத்தில் முடிகின்றன. உலக அளவில் இந்த வயதில் ஆயிரம் பெண்களுக்கு எத்தனை பிரசவம் என்ற விகிதம் 2000இல் 64.5 ஆக இருந்து 2023இல் 41.3 ஆக இறங்கியிருக்கிறது. நல்ல இறக்கம்தான். ஆனால் இதைப் பிரசாரத்தின் சாதனையாக அப்படியே எழுதிவிடாதீர்கள். பெண்கள் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் இருந்ததும் திருமண வயது தள்ளிப்போனதும் இதே காலத்தில்தான் நடந்தன. எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது லேசான வேலை இல்லை.

இனி நான் முதலில் சொன்ன வித்தியாசத்துக்கு வருகிறேன். தான்சானியாவின் முவான்சா பகுதியில் 1998 முதல் 2002 வரை நடந்த 'மேமா க்வா விஜானா' பரிசோதனையை முதலில் படியுங்கள். அந்தச் சுவாஹிலிப் பெயருக்கு 'இளைஞர்களுக்கு நல்லவை' என்று பொருள். இருபது சமூகங்களைக் குலுக்கல் முறையில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். பத்தில் மட்டும் தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளில் பாடம், மருத்துவமனைகளில் இளைஞர்களோடு பழகப் பயிற்சி பெற்ற பணியாளர்கள், இளைஞர்கள் வழியாக ஆணுறை விநியோகம், ஊர்க்கூட்டங்கள் என்று எல்லாமும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏனோதானோ என்று நடந்த திட்டம் இல்லை இது. அந்தக் காலத்துக்கு மிகக் கவனமாக வடிவமைத்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள்.

மூன்று ஆண்டு முடிவில் அறிவு நன்றாகவே ஏறியிருந்தது. மனப்பான்மை பற்றிய கேள்விகளுக்கு எதிர்பார்த்த பதில்கள் வந்தன. ஆணுறை பயன்படுத்துவதாகச் சொன்னவர்களும் கூடியிருந்தார்கள். ஆனால் எச்.ஐ.வி., பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸ், கர்ப்பம் ஆகியவற்றைச் சோதனை செய்து பார்த்தபோது இரண்டு பகுதிகளுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. விதை முளைக்க நேரமாகும் என்று நினைத்து 2007–08இல் மறுபடி போய்ப் பார்த்தார்கள். அறிவு ஓரளவு நின்றிருந்தது; தொற்று விகிதத்தில் அப்போதும் மாற்றம் இல்லை. ஜிம்பாப்வேயில் முப்பது சமூகங்களில் நடந்த இதேபோன்ற ஒரு பரிசோதனையும் ஏறக்குறைய இதே முடிவைத்தான் தந்தது.

இவர்கள் ரத்தம் எடுக்காமல், கேள்வித்தாளோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'மாபெரும் வெற்றி' என்று அறிக்கை வந்திருக்கும். இந்தத் துறையில் நீங்கள் படிக்கப்போகும் கட்டுரைகளில் மிகப் பல அப்படி நிறுத்தியவைதான். முடிவுரையைப் படிக்கும் முன் 'எப்படி அளந்தார்கள்' என்ற பகுதியைப் படிக்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வித்தாள் ஏன் இவ்வளவு பொய் சொல்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு பேட்டியைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும். வாசல் திண்ணையில் பதினேழு வயதுப் பெண். எதிரே, முன்பின் பார்த்திராத ஒரு பேட்டியாளர் அக்கா. உள்ளே சமையலறையில் அம்மா. பாத்திரச் சத்தம் வந்துகொண்டிருக்கிறது. இருபத்து மூன்றாவது கேள்வி வந்ததும் பேட்டியாளர் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்துகிறார். உள்ளே பாத்திரச் சத்தம் நிற்கிறது. அந்தப் பெண் 'இல்லை' என்கிறாள். படிவத்தில் 'இல்லை' என்று ஏறுகிறது. பிறகு அது சதவீதமாகி, அட்டவணையாகி, கொள்கைக் குறிப்பாகிறது. பையனாக இருந்தால் கதை தலைகீழ்: நண்பர்கள் காதில் விழும் தூரத்தில் இருந்தால் இல்லாத அனுபவத்தையும் சேர்த்துச் சொல்வான்.

முவான்சா ஆய்வாளர்கள் இதையும் விட்டுவைக்கவில்லை. அதே இளைஞர்களிடம் நேர்முகக் கேள்வித்தாள், அவர்களே நிரப்பும் படிவம், ஆழ்பேட்டி, கூடவே வாழ்ந்து கவனிப்பது, உடற்சோதனை என ஐந்து முறைகளையும் ஒப்பிட்டு 2004இல் வெளியிட்டார்கள். பாலுறவால் மட்டுமே வரக்கூடிய தொற்று உடம்பில் இருந்தும் பாலுறவே கொண்டதில்லை என்று எழுதியவர்கள் பலர். பால்வினைத் தொற்று இருந்த பெண்களிடம் இரண்டு வகைக் கேள்வித்தாள்களையும்விட ஆழ்பேட்டியில்தான் உண்மை கூடுதலாக வந்தது. நடப்பதன் சிக்கலையும் பரப்பையும் புரிந்துகொள்ள, கூடவே வாழ்ந்து கவனித்ததுதான் அதிகம் உதவியது. கணினியில் காதொலிக் கருவி வழியாகக் கேள்வியைக் கேட்கவைத்து, பதிலைப் பொத்தானில் அழுத்தச் சொல்லும் முறையைக் கென்யாவிலும் மலாவியிலும் சோதித்தார்கள். அதிலும் எல்லாக் கேள்விக்கும் ஒரேமாதிரி முன்னேற்றம் வரவில்லை.

சரி, தேறியது எது? என்னைக் கேட்டால் 2011இல் பொருளாதார அறிஞர் பாஸ்கலின் துபா வெளியிட்ட மேற்குக் கென்ய ஆய்வைச் சொல்வேன். 328 தொடக்கப்பள்ளிகள். அரசுப் பாடத்திட்டம் 'திருமணம்வரை காத்திரு' என்றது. பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தப் பயிற்சி கொடுத்தார்கள். 71 பள்ளிகளில் மட்டும் வெளியாள் ஒருவர் எட்டாம் வகுப்புக்கு ஒரே ஒரு முறை போய் சுமார் நாற்பது நிமிடம் பேசினார். பணம் காட்டிச் சிறுமிகளோடு பழகும் பெரிய ஆண்களைப் பற்றி ஒரு பத்து நிமிடப் படம் போட்டார். பிறகு பக்கத்து நகரமான கிசுமுவில் எந்த வயது ஆண்களிடம் எத்தனை சதவீதம் எச்.ஐ.வி. இருக்கிறது, எந்த வயதுப் பெண்களிடம் எத்தனை சதவீதம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். அவ்வளவுதான்.

அந்தப் பலகையில் பிள்ளைகள் பார்த்தது: பதின்ம வயதுப் பையன்களிடம் தொற்று குறைவு, வயது ஏற ஏற ஆண்களிடம் அது பல மடங்கு. வேலையும் பணமும் உள்ள முப்பது வயதுக்காரர் 'பொறுப்பான ஆள்' போலத் தெரிவார். ஆபத்து அவரிடம்தான் அதிகம் என்பது பல பெண்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த ஓராண்டில் அந்தப் பள்ளிகளின் பெண்களிடையே பிள்ளைப்பேறு 28 சதவீதம் குறைந்தது. பெரிய ஆண்களால் உண்டான கர்ப்பம் வெகுவாகச் சரிந்தது. அதற்கு ஈடாக ஒத்த வயதுப் பையன்களால் கர்ப்பம் கூடவும் இல்லை. ஆசிரியர் பயிற்சி கொடுத்த பள்ளிகளிலோ பிள்ளைப்பேற்றில் மாற்றமே இல்லை. இங்கே எண்ணியது அந்தப் பெண்களின் வாய்மொழியைக் கேட்டு அல்ல. யாருக்குக் குழந்தை பிறந்தது என்பதை ஊரே அறியும்.

முவான்சாவில் மூன்று ஆண்டுப் பாடம் அசைக்காததை இங்கே நாற்பது நிமிடம் எப்படி அசைத்தது? என் வாசிப்பு இது: முவான்சாவில் சொன்னதில் பெரும்பகுதி, செய்யாதே என்ற அறிவுரையும் பொதுவான உடலறிவும். கென்யாவில் சொன்னது அவர்களுக்குத் தெரியாத ஒரு தகவல்; கேட்ட மறுநாளே ஒரு முடிவை மாற்றிக்கொள்ள உதவும் தகவல். எல்லாவற்றையும் துறக்கச் சொல்லாமல், இரண்டில் எது மோசம் என்று மட்டும் காட்டியது. ஒழுக்கத்தைச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது சங்கடமான முடிவு. அதனாலேயே இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க அரசுகள் வரிசையில் நிற்கவில்லை என்று சந்தேகப்படுகிறேன். எச்.ஐ.வி. அவ்வளவாக இல்லாத, பெரும்பாலான இளம் கர்ப்பங்கள் திருமணத்துக்குள்ளேயே நடக்கும் தெற்காசியாவுக்கு இதே பலகை பொருந்தாது என்பதும் உண்மை. அங்கே அந்த இடத்தில் எந்தத் தகவலை எழுதுவது? யாரும் இன்னும் சரியாகக் கேட்டுப் பார்க்காத கேள்வி.

அடுத்தது கானா. அக்ராவின் 38 மேல்நிலைப் பள்ளிகளில் 756 மாணவிகளிடம் குறுஞ்செய்தி வழியாக நடத்திய பரிசோதனை 2017இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு தகவல் செய்தியாகப் போனது. இன்னொரு பிரிவுக்கு அதே விஷயம் கேள்வியாகப் போனது. பதில் அனுப்பினால் சரியா தப்பா என்று மறுமொழி வரும், சரியான பதிலுக்குக் கைபேசியில் கொஞ்சம் பேசும் நேரம் பரிசு. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த மூன்றாவது பிரிவுக்கு மலேரியா பற்றிய செய்தி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், தகவல் மட்டும் போன பிரிவில் அறிவு 11 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. கேள்வி போன பிரிவில் 24. பதினைந்து மாதம் கழித்து, பாலுறவில் ஈடுபட்டவர்களிடையே கர்ப்பமும் குறைந்திருந்தது. ஆனால் கர்ப்பத்தைச் சொன்னது அவர்களேதான், யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. மேலே நான் கொடுத்த எச்சரிக்கை இதற்கும் சேர்த்துத்தான். இருந்தாலும் ஒரே விஷயத்தைச் சொல்வதற்கும் கேட்பதற்கும் நடுவே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்தது தொடர்பியல்காரர்களான நமக்குத் தீனி.

நாடகங்களைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். மெக்சிகோவில் மிகேல் சபிதோ 1970களில் தொலைக்காட்சித் தொடர்களில் தொடங்கிவைத்த, கதைக்குள் கல்வியை வைக்கும் முறை உலகம் சுற்றி வந்தது. வானொலி எல்லோருக்கும் கேட்குமே, ஒப்பீட்டுக் குழுவுக்கு எங்கே போவது என்ற சிக்கலுக்குத் தான்சானியாவில் ஒரு வழி கண்டார்கள்: 1993இல் தொடங்கிய நாடகத்தை டோடோமா நிலையம் மட்டும் இரண்டு ஆண்டு ஒலிபரப்பாமல் விட்டு, அந்தப் பகுதியை மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். அண்மைக் காலத்தில் அபிஜித் பானர்ஜி, எலியானா லா ஃபெராரா, விக்டர் ஒரோஸ்கோ மூவரும் நைஜீரிய நகரங்களில் எச்.ஐ.வி.யைக் கதைக்குள் வைத்த 'ஷூகா' என்ற தொலைக்காட்சித் தொடரைத் திரையிட்டுச் சோதித்தார்கள். பார்த்தவர்கள் எட்டு ஒன்பது மாதம் கழித்து எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போனது மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு. பெண்களிடையே பால்வினைத் தொற்றும் குறைந்தது. கதையோடு ஒன்றிப்போனவர்களிடம்தான் விளைவு அதிகம். 'உங்கள் வயதினர் எல்லாம் இப்படித்தான் நினைக்கிறார்கள்' என்ற செய்தியைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அது கூடுதலாக எதையும் செய்யவில்லை. சமூக நெறியை மாற்றுகிறோம் என்று இன்று எல்லாத் திட்ட முன்வரைவிலும் எழுதுகிறார்களே, அவர்களுக்கு இந்தப் பத்தியைக் காட்டவேண்டும். (பார்த்தவர்கள் 18 வயதைத் தாண்டியவர்கள் என்பதை மறக்காதீர்கள், பதினான்கு வயதுக்கு இதை அப்படியே நீட்டக்கூடாது.)

நாடகத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் எண்களில் இல்லை. 1996இல் அகில இந்திய வானொலியில் 'தின்கா தின்கா சுக்' என்ற இந்தி நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது, உத்தரப் பிரதேசத்தின் லுத்சான் கிராமத்திலிருந்து தில்லிக்கு ஒரு பெரிய தாள் வந்தது. வரதட்சணை வாங்கமாட்டோம், கொடுக்கமாட்டோம், சிறு வயதில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யமாட்டோம் என்று எழுதி 184 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருந்தார்கள். சாதாரணமாக இத்தோடு ஒரு வெற்றிக்கதை எழுதி முடித்துவிடுவார்கள். மைக்கேல் பாப்பா, அரவிந்த் சிங்கால் முதலியோர் அந்த ஊருக்கே போனார்கள். கேட்டவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசித்தான் மாற்றம் தொடங்கியது என்பதையும், அந்த மாற்றம் நேர்கோட்டில் போகாமல் முரண்பாடுகளோடும் சறுக்கல்களோடும் நகர்ந்ததையும் பதிவு செய்தார்கள். கைநாட்டு வைத்த கைக்கும் கல்யாணம் பேசும் வாய்க்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்க்கத் துணிந்த கட்டுரை அது.

சமவயதுக் கல்வியாளர் (தன் வயதினருக்கே சொல்லிக்கொடுக்கப் பயிற்சி பெற்ற இளைஞர்), இளைஞர் மையம், ஒருநாள் விழிப்புணர்வுக் கூட்டம் ஆகிய மூன்றையும் பற்றி அதிகம் எழுதமாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய வெங்கட்ராமன் சந்திரமௌலியும் வேறு இருவரும் 2015இல் சான்றுகளைத் தொகுத்து, இவை பொதுவாகப் பலன் தருவதில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். இளைஞர் மையங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயது கூடிய பையன்கள்; வருவதும் விளையாட. சமவயதுக் கல்வியில் அதிகம் பயனடைகிறவர், பயிற்சி பெற்ற அந்தக் கல்வியாளர்தான். இதெல்லாம் தெரிந்தும் இவற்றுக்கு இன்னும் பணம் ஒதுக்கப்படுகிறது. படம் எடுத்து அறிக்கையில் போட வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பயத்துக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. 2009இல் யுனெஸ்கோ வழிகாட்டிக்காக உலகெங்கும் இருந்து 87 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாலுறவைத் தொடங்கும் வயதை அளந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த வயது தள்ளிப்போயிருந்தது, மற்றவற்றில் மாற்றமில்லை, பாடத்தால் சீக்கிரம் தொடங்கியதாக ஒன்றிலும் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 2007இல், இந்தியாவில் பல மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பண்பாட்டைக் காரணம் காட்டி நிறுத்தின. சான்று வந்த பிறகும் தயக்கம் போகவில்லை. பெற்றோரையும் அரசியல்வாதியையும் எப்படி எதிர்கொள்வது என்பதும் தொடர்பியல் கேள்விதான். அதை ஆய்வு செய்தவர்கள் மிகக் குறைவு.

ஒப்புதல் விஷயத்தை ஆரம்பத்திலேயே யோசித்துவிடுங்கள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பேசக்கூடாது என்று நெறிமுறைக் குழு சொன்னால், வீட்டில் சொல்ல முடியாத பெண்கள் எல்லாம் உங்கள் மாதிரியிலிருந்து விழுந்துவிடுவார்கள். நீங்கள் தேடிப்போனதும் அவர்களைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2018இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எந்தச் சூழலில் பெற்றோர் அனுமதியைத் தவிர்க்கலாம் என்ற வாதங்கள் அதில் இருக்கின்றன. சிறாரோடு பாலுறவு தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று சட்டம் உள்ள நாடாக இருந்தால், பேட்டி தொடங்கும் முன்பே அந்தப் பிள்ளையிடம் அதைச் சொல்லியாகவேண்டும். சொன்னால் பேசமாட்டார்கள் என்று மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது துரோகம்.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. கேள்வித்தாளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஒரு மூடிய தகரப் பெட்டியோடு ஆரம்பிக்கச் சொல்வேன். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுத்தாள், ஒரே நிறப் பேனா. கேட்க எதுவும் இல்லாதவர்கள் 'கேள்வி இல்லை' என்று எழுதியாவது போடவேண்டும். அப்போதுதான் யார் கேட்டார் என்று கண்டுபிடிக்க முடியாது. இப்படிப்பட்ட பெட்டிகளைப் பிரித்துப் படிக்கும் வேலை எனக்குப் பலமுறை வாய்த்தது. பாடப்புத்தகத்தில் கருக்குழாய்ப் படத்துக்கு இரண்டு பக்கம். துண்டுத்தாளில் கருக்குழாய் பற்றிக் கேட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. முதல் தடவையிலேயே கர்ப்பம் ஆகுமா, இது என் தோழிக்காகக் கேட்கிறேன், நாள் தள்ளிப்போனால் எத்தனை நாள் பொறுக்கலாம், அவன் கோபித்துக்கொண்டால் என்ன சொல்வது என்றெல்லாம் வரும்.

ஒருமுறை நான்காக மடித்த தாள் ஒன்று வந்தது. எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தது: "மாத்திரை வாங்கக் கடைக்குப் போனால் அவர் என்னிடம் என்ன கேட்பார்?" கருத்தடை மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று அந்த வகுப்புக்கு முந்தைய வாரமே பாடம் நடந்திருந்தது, தேர்வு வைத்தால் அந்தப் பிள்ளை முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். அந்தத் தாளுக்கு வகுப்பில் இருந்த ஆசிரியரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. மறுநாள் நான் ஒரு மருந்துக்கடைக்குப் போய், ஓரமாக நின்று, அவர் உண்மையில் என்னதான் கேட்கிறார் என்று குறித்துக்கொண்டு வந்தேன்.